இந்தியாவில் தொழில்முறை மற்போர்

இந்தியாவில் தொழில்முறை மற்போர் என்பது, நுழைவுக் கட்டணம் பெற்று, கயிறு கட்டிய மேடையில், பொதுமக்களின் பொழுதுபோக்குக்காக நடத்தப்பட்ட மற்போர்க் காட்சிகளைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது ஃப்ரீ ஸ்டைல் குஸ்தி எனப்பட்டது. ஒலிம்பிக் விளையாட்டுகளில் இடம்பெறும் கட்டற்ற பாணி மற்போருக்கும் இதே பெயர் வழங்கினாலும் இரண்டும் வேறானவை. ஒலிம்பிக் மற்போரில் யார் வெல்வார் என்பது களத்தில் முடிவாகிறது. தொழில்முறை மற்போரில் அது பெரும்பாலும் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. இந்த வேறுபாடு பார்வையாளர்களுக்கு நெடுங்காலம் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை.

இந்தியாவில் இத்துறையின் பொற்காலம் 1950களில் தொடங்கி, 1983 ஆம் ஆண்டு சூன் மாதம் தில்லியில் நடைபெற்ற தாரா சிங்கின் ஓய்வுத் தொடருடன் முடிவுற்றது எனலாம். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதே கலை தொலைக்காட்சி வழியாகப் பேருருவம் எடுத்தது. 1980களின் புகழ்பெற்ற போட்டிகளாக இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கப்படுபவை அங்கு நடந்தவையே.

பெயர்

மல், மல்லன், மற்போர் ஆகியன தமிழில் பழமையான சொற்கள். புறநானூற்றின் 80 ஆவது பாடலில், போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழ இளவரசன் ஆமூர் மல்லனுடன் பொருத காட்சியைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். ஒரு காலை எதிரியின் மார்பில் மடித்து ஊன்றி, மற்றொரு காலால் அவன் சூழ்ச்சியைத் தடுத்த பிடி அதில் நுணுக்கமாக விவரிக்கப்படுகிறது. மகனோடு பகை கொண்டிருந்த தந்தை தித்தன் இதைக் காண வேண்டும் என்று புலவர் விரும்புவது, மற்போருக்குப் பார்வையாளர் எவ்வளவு இன்றியமையாதவர் என்பதையும் காட்டுகிறது. 7 ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் சிறப்புப் பெயரான மாமல்லன் என்பதற்குப் பெரும் மற்போர் வீரன் என்று பொருள். மாமல்லபுரம் அப்பெயரால் அமைந்தது.

குஸ்தி, பயில்வான் ஆகிய சொற்கள் பாரசீக மூலத்திலிருந்து வடஇந்திய மொழிகள் வழியாகத் தமிழுக்கு வந்தவை. மற்போர்க் களத்தைக் குறிக்கும் கோதா என்ற சொல், தேர்தல் செய்திகளில் கோதாவில் இறங்குதல் என்னும் தொடராக இன்றும் வழங்குகிறது.

முடிவு தீர்மானிக்கப்பட்ட போட்டி

மரபுவழிக் குஸ்தி மண் களத்தில் நடைபெறும். எதிராளியின் இரு தோள்களையும் மண்ணில் படவைப்பவர் வென்றவர் ஆவார். தொழில்முறை மற்போரில் களம் மேடையாகிறது. எஃகுச் சட்டங்களின் மீது மரப்பலகை பரப்பி, அதன்மேல் மெல்லிய மெத்தையும் விரிப்பும் போடப்படுகின்றன. பலகை சற்று வளைந்து கொடுப்பதால் வீழ்ச்சியின் வேகம் தணிகிறது, ஓசை பெருகுகிறது. வீசப்படுபவர் முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தளத்தில் படுமாறு விழுந்து, அடியைப் பரவச் செய்கிறார். அவரது ஒத்துழைப்பு இல்லாமல் பெரும்பாலான தூக்குகள் இயலாதவை. ஆகவே தூக்குபவரின் வலிமையைப் போலவே தூக்கப்படுபவரின் திறமையும் இங்கு முதன்மையானது. காயங்கள் உண்மையானவை. முதுகெலும்பு, முழங்கால், கழுத்து ஆகியவற்றில் நிலையான பாதிப்புகளுடன் ஓய்வு பெற்றவர்கள் பலர்.

யார் வெல்ல வேண்டும் என்பதை அமைப்பாளர் தீர்மானிப்பார். அடுத்த ஊரில், அடுத்த மாதத்தில் யாருடைய போட்டிக்கு மக்கள் வருவார்கள் என்ற கணக்கே அதற்கு அடிப்படை. இவ்வாறு ஒத்திகையோடு நடப்பதை ஆங்கிலம் பேசும் வீரர்கள் தங்கள் குழூஉக்குறியில் வொர்க் என்றும், உண்மையாகப் பொருதுவதை ஷூட் என்றும் அழைத்தனர். இந்த மறைபொருளை வெளியாரிடம் சொல்லாமல் காக்கும் வழக்கம் கேஃபேப் எனப்பட்டது. மேடையில் பகைவர்களாக இருப்பவர்கள் பொது இடத்தில் ஒன்றாக உணவு உண்பதும் கூடாது என்னும் அளவுக்கு இவ்வழக்கம் கடுமையாகப் பின்பற்றப்பட்டது.

முடிவு தெரிந்த சண்டையில் என்ன சுவை என்ற கேள்வி இயல்பாக எழும். திருவண்ணாமலை வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களைக் கண்டவர்களுக்கு இது புதிரன்று. பதினெட்டாம் போர்க் கூத்தின் முடிவில், திறந்த வெளியில் மண்ணால் அமைத்த பேருருவத்தைச் சுற்றித் துரியோதனன் படுகளம் நிகழ்கிறது. துரியோதனன் வீழ்வான் என்பதை அங்குள்ள குழந்தையும் அறியும். ஆயினும் வீமன் தொடையில் அடிக்கும் கணத்திற்காக ஊரே காத்திருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த்தும் 1957 இல் வெளியான தமது கட்டுரைத் தொகுப்பில் தொழில்முறை மற்போரைப் பண்டைய நாடகத்தோடு ஒப்பிட்டார். இதனைப் போலி விளையாட்டு என்று ஒதுக்குவதை விட, விளையாட்டின் உடலைக் கொண்ட நாடகம் என்று கொள்வதே பொருத்தமானது. கூத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, கூத்தில் எவரும் ஏமாற்றப்படுவதில்லை என்பதே.

முன்னோடி: காமா

காமா பயில்வான் (1878–1960) பிரித்தானிய இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற மற்போர் வீரர் ஆவார். 1910 ஆம் ஆண்டு இலண்டன் சென்ற இவருக்கு, உயரம் குறைவு என்பதால் தொடக்கத்தில் போட்டிகளில் இடம் கிடைக்கவில்லை. அங்கு அமெரிக்க வீரர் பெஞ்சமின் ரோலரை வென்ற பின், செப்டம்பர் 10 அன்று போலந்து நாட்டவரான இசுட்டானிசுலாசு சிபிசுகோவை எதிர்கொண்டார். சிபிசுகோ எழுந்து நின்று பொருதாமல் தரையோடு தரையாகக் கிடந்து தற்காத்தார். இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாகியும் முடிவு ஏற்படவில்லை. ஒரு வாரம் கழித்து நடக்கவிருந்த மறுபோட்டிக்குச் சிபிசுகோ வராததால் காமா வென்றவராக அறிவிக்கப்பட்டார். காட்சிக்காக ஏற்பாடு செய்யப்பட்ட சண்டை இவ்வளவு சலிப்பூட்டுவதாக இருக்காது என்பதே அப்போட்டி உண்மையாக நடந்தது என்பதற்குச் சிறந்த சான்று.

அதே சிபிசுகோ 1925 ஏப்ரல் 15 அன்று பிலடெல்பியாவில், கால்பந்து வீரராக இருந்து மற்போருக்கு வந்த வேன் மன் என்பவரிடம் தோற்க ஒப்புக்கொண்டு மேடையேறினார். மன்னுக்குக் கிடைத்திருந்த உலகப் பட்டமே அமைப்பாளர்கள் ஏற்பாடு செய்து கொடுத்ததுதான். போட்டி அமைப்பாளர்களுடன் முரண்பட்டவர்களின் பக்கம் இரகசியமாகச் சேர்ந்துவிட்ட சிபிசுகோ, மேடையில் உண்மையாகவே பொருது மன்னை எளிதில் வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். ஒத்திகைச் சண்டை எந்த நொடியிலும் உண்மைச் சண்டையாக மாறக்கூடும் என்பதற்கு மற்போர் வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டும் நிகழ்வு இது. பட்டத்தை உண்மையாகப் பொருதத் தெரிந்தவரிடமே கொடுத்து வைப்பது என்ற எச்சரிக்கை அதன் பின்னர் வலுப்பெற்றது.

1928 சனவரியில் பட்டியாலாவில் காமாவும் சிபிசுகோவும் மீண்டும் சந்தித்தனர். இம்முறை மண் களத்தில் ஒரு நிமிடத்திற்குள் காமா வென்றார்.

தாரா சிங்கும் கிங் காங்கும்

தாரா சிங் 1928 நவம்பர் 19 அன்று பஞ்சாபின் அமிர்தசரசு மாவட்டத்தில் உள்ள தர்முச்சக் என்னும் சிற்றூரில் பிறந்தார். இயற்பெயர் தீதார் சிங் ரந்தாவா. 1947 இல் சிங்கப்பூருக்குச் சென்று ஒரு தொழிற்சாலையில் பணிபுரிந்தவாறே ஹர்னாம் சிங் என்பவரிடம் பயிற்சி பெற்றார். அக்காலச் சிங்கப்பூரின் கிரேட் வேர்ல்ட் முதலிய பொழுதுபோக்குப் பூங்காக்களில், நாடகம், நடனம் ஆகியவற்றோடு மற்போரும் குத்துச்சண்டையும் நுழைவுச் சீட்டுக்கு நடைபெற்று வந்தன. சீனர், மலாயர், தமிழர், பஞ்சாபியர் எனப் பல மொழியினர் கூடும் இடத்தில், மொழி தேவைப்படாத காட்சியாக மற்போர் விளங்கியது. கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலாயாவின் பட்டத்தைத் தாரா சிங் பெற்றார். 1950களின் தொடக்கத்தில் இந்தியா திரும்பிய அவர், 1954 இல் டைகர் ஜோகிந்தர் சிங்கை வீழ்த்தி ருஸ்தம்-இ-ஹிந்த் என்ற பட்டத்தை வென்றார்.

அவருடைய எதிரிகளில் மக்கள் மறக்காதவர் கிங் காங் என்ற பெயரில் மேடையேறிய எமில் சாயா. 1909 இல் அங்கேரியில் பிறந்து, ஆசிய நகரங்களையே தம் களமாகக் கொண்டவர். ஏறக்குறைய 200 கிலோகிராம் எடையுள்ளவர் என விளம்பரப்படுத்தப்பட்டார். அந்த எண்ணில் விளம்பரத்திற்கே உரிய மிகை இருக்கலாம் என்றாலும், ஒளிப்படங்களைப் பார்ப்பவர்கள் பெரிதாகக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். தாடியும் பருத்த வயிறும் உரத்த உறுமலும் கொண்ட அவர், கட்டுக்கோப்பான உடலுடைய பஞ்சாபி இளைஞருக்கு எல்லா வகையிலும் எதிர்நிலையாக இருந்தார். அவரைத் தாரா சிங் தலைக்கு மேல் தூக்கி வீசினார் என்ற செய்தி, நேரில் பார்த்திராத ஊர்களிலும் கதையாகப் பரவியது.

இச்சந்திப்புகளின் ஈர்ப்பை அவற்றின் காலத்தோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள முடியும். நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்து அறைகூவும் பேருருவத்தை உள்ளூர் வீரன் வீழ்த்தும் காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. சப்பானில் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ரிக்கிடோசான் செய்ததும் இதுவே. அவர் 1955 நவம்பரில் தோக்கியோவில் வென்ற ஆசியப் பட்டத்தின் இறுதிப் போட்டியில் தோற்றவரும் இதே கிங் காங் என்பது கவனிக்கத்தக்கது. ஒரே பேருருவம், வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு நாயகர்களிடம் தோற்று, அந்நாயகர்களை உருவாக்கியது. தோற்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கு வரலாறு உரிய இடம் கொடுப்பதில்லை. கிங் காங் 1970 இல் சிங்கப்பூரில் காலமானார்.

1959 இல் கல்கத்தாவில் கனடிய வீரர் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று பொதுநலவாயப் பட்டத்தைத் தாரா சிங் பெற்றார். இது பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளோடு தொடர்புடையதன்று. அமைப்பாளர்கள் ஏற்படுத்திய பட்டமாகும். ஏறத்தாழ 500 போட்டிகளில் அவர் ஒன்றிலும் தோற்றதில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் கூற்று. முன்னரே விளக்கியபடி, இத்துறையில் வெற்றிகளின் எண்ணிக்கை ஒருவருடைய வலிமையைக் காட்டிலும் அவருக்கு அமைப்பாளர்களிடமும் மக்களிடமும் இருந்த செல்வாக்கையே காட்டும். அதேவேளை, தாரா சிங் பயிற்சியற்ற நடிகரும் அல்லர். களத்தில் பயின்ற மற்போர் வீரராகிய அவரை ஒருவர் மேடையில் ஏமாற்றி வெல்வது எளிதாக இருந்திருக்காது. சிபிசுகோவுக்கு நேர்ந்த வாய்ப்பு அவருடைய எதிரிகளுக்கு ஏற்படவில்லை.

திரைப்படங்கள் இக்குழப்பத்தை மேலும் வளர்த்தன. 1962 இல் பாபுபாய் மிஸ்திரி இயக்கிய கிங் காங் என்ற இந்தித் திரைப்படத்தில் தாரா சிங் நாயகனாக நடித்தார். தொடர்ந்து நடிகை மும்தாஜுடன் பல படங்களில் தோன்றினார். அவருடைய தம்பி ரந்தாவாவும் மற்போரிலும் திரையிலும் இயங்கியவர். மேடையில் கண்டது, திரையில் கண்டது, கேள்விப்பட்டது ஆகிய மூன்றும் ஒரு தலைமுறையின் நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

1968 பம்பாய்ப் போட்டி

1968 மே 29 அன்று பம்பாயில் தாரா சிங் அமெரிக்காவின் லூ தெசை வென்றார். இதன் வழி அவர் உலக வாகையர் ஆனார் என்று இந்தியாவில் எழுதப்பட்டு வருகிறது. இதில் ஒரு திருத்தம் தேவை. தெசு பலமுறை உலகப் பட்டம் வென்றவர் என்பது உண்மை. ஆனால் அமெரிக்கத் தேசிய மற்போர் கூட்டணியின் உலகப் பட்டத்தை 1966 சனவரியிலேயே ஜீன் கினிஸ்கியிடம் அவர் இழந்திருந்தார். பம்பாய்ப் போட்டி நடந்தபோது அப்பட்டம் கினிஸ்கியிடமே இருந்தது. எனவே பம்பாயில் கைமாறியது அப்பட்டம் அன்று.

இதனால் போட்டியின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. தெசு அப்போது 52 வயதைக் கடந்தவர் என்றாலும், மூட்டுகளை முறுக்கிப் பிடிக்கும் உண்மையான பிடிகளை முற்றாகக் கற்றுத் தேர்ந்த வெகுசிலருள் ஒருவர். அத்தகையவர் விரும்பாமல் அவரைத் தோற்கடிப்பது அரிது. அவர் தோல்வியை ஏற்றார் என்பதே எதிரிக்கு அவர் அளித்த சான்றிதழாக இத்துறையினரால் கருதப்படும். முடிவு தீர்மானிக்கப்பட்ட போட்டிகளில் மரியாதை இவ்வாறுதான் அளக்கப்படுகிறது.

1983: தில்லி

1983 சூன் மாதம் தில்லியில் தாரா சிங்கின் ஓய்வுத் தொடர் நடைபெற்றது. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த இராஜீவ் காந்தி அதனைத் தொடங்கி வைத்தார். வெற்றிக் கோப்பையைக் குடியரசுத் தலைவர் கியானி ஜெயில் சிங் வழங்கினார். 54 வயதான தாரா சிங் அத்தொடரில் தம் ஓய்வை அறிவித்தார். ஒத்திகையோடு நடக்கும் ஒரு கேளிக்கைக்கு நாட்டின் தலைமகனே வந்து கோப்பை தந்தது, தாரா சிங் விளையாட்டு வீரர் என்ற நிலையையும் கடந்து தேசிய அடையாளமாகிவிட்டதைக் காட்டுகிறது.

அதே மாதம் 25 ஆம் நாள் இலண்டனில் இந்தியத் துடுப்பாட்ட அணி உலகக் கிண்ணத்தை வென்றது. அதற்கு முந்தைய ஆண்டில் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியிருந்தது. அப்போட்டிகளில் சத்பால் சிங் கட்டற்ற பாணி மற்போரில் தங்கப் பதக்கம் பெற்றார். இந்தியர்களின் விளையாட்டுப் பொழுது இனிமேல் வீட்டுக்குள் செல்லவிருந்தது. ஊர் ஊராகக் கூடாரமும் மேடையும் கொண்டு சென்ற மற்போருக்குத் தாரா சிங்கின் இடத்தை நிரப்பக்கூடிய ஒருவர் கிடைக்கவில்லை.

தாரா சிங் அத்தொலைக்காட்சிக்கே சென்று சேர்ந்தார். 1987 சனவரி 25 முதல் 1988 சூலை 31 வரை தூர்தர்சனில் ஒளிபரப்பான இராமானந்த சாகரின் இராமாயணத் தொடரில் அனுமனாக நடித்து, அவரது மற்போரைக் கண்டிராத தலைமுறையினரிடமும் அறிமுகமானார். 2003 முதல் 2009 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 2012 சூலை 12 அன்று மும்பையில் காலமானார்.

வெளிநாடுகளில் இந்திய வீரர்கள்

1980களில் இந்தியப் பெயருடன் மேடையேறியவர்களைக் காண வெளிநாடுகளுக்கே செல்ல வேண்டியிருந்தது. பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறிய டைகர் ஜீத் சிங் (பிறப்பு 1944), தலைப்பாகையும் வாளுமாகச் சப்பானிய மேடைகளில் தோன்றி, அன்டோனியோ இனோக்கியின் கொடிய எதிரியாக 1970களில் பெயர் பெற்றார். 1980களில் ஆல் ஜப்பான் நிறுவனத்திலும் அதே வேடத்தைத் தொடர்ந்தார். கனடாவின் கால்கரி நகரில் காமா சிங் இதேபோன்ற எதிர்நாயகனாக விளங்கினார்.

தாயகத்தில் வெளிநாட்டுப் பேருருவத்தை இந்தியர் வென்றார். வெளிநாட்டில் அந்தப் பேருருவம் இந்தியரே. இவ்வேடங்கள் இன வேறுபாட்டைக் காசாக்கியவை என்பதை மறுக்க முடியாது. மேடைக்கு வெளியே டைகர் ஜீத் சிங் மதிப்புமிக்க சமூகப் பணியாளராக அறியப்பட்டார். ஒன்ராறியோவின் மில்டன் நகரில் 2010 இல் தொடங்கப்பட்ட ஓர் அரசுப் பள்ளிக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

அமெரிக்காவில் ஏற்பட்ட மாற்றம்

தில்லித் தொடர் நடந்து ஏழு மாதங்கள் கழித்து, 1984 சனவரி 23 அன்று நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் ஹல்க் ஹோகன் அயர்ன் ஷேக்கை வென்று உலக மற்போர் கூட்டமைப்பின் பட்டத்தைப் பெற்றார். அயர்ன் ஷேக் எனப்பட்ட உசைன் வசீரி ஈரானில் உண்மையாகவே மற்போர் பயின்றவர். ஹோகனின் சொத்து பருத்த புயங்களும் மக்களைத் தூண்டும் திறனும் ஆகும். உண்மையான வீரர் காட்சி நாயகனிடம் தோற்கும் அந்த ஆறு நிமிடத்திற்கும் குறைவான போட்டியில், தெசு, தாரா சிங் போன்றோரின் காலம் முடிந்துவிட்டதைக் காணலாம். பட்டத்தைக் காக்க இனிப் பிடி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒளிப்படக் கருவிக்கு ஏற்ற முகம் போதும். ஈரானில் அமெரிக்கர்கள் பணயமாக வைக்கப்பட்டிருந்த நிகழ்வு மக்கள் நினைவில் இருந்ததால் எதிரி யார் என்பதை எவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1987 மார்ச் 29 அன்று மிச்சிகனின் பொன்டியாக் நகரில் நடந்த மூன்றாம் ரெசில்மேனியா இக்காலத்தின் உச்சமாகக் கருதப்படுகிறது. பார்வையாளர் எண்ணிக்கை 93,173 என்று அறிவிக்கப்பட்டது. உண்மை எண் 78,000 அளவிலேயே இருந்தது என்று மற்போர்ச் செய்தியாளர் டேவ் மெல்ட்சர் வாதிட்டுள்ளார். இந்தியாவில் தாரா சிங் அனுமனாகத் தோன்றத் தொடங்கிய அதே ஆண்டில், ஹோகன் அங்கு 236 கிலோகிராம் எடையுள்ளவராக அறிவிக்கப்பட்ட பிரெஞ்சுப் பேருருவம் ஆந்த்ரேயைத் தூக்கி வீழ்த்தினார். ஆந்த்ரே 15 ஆண்டுகள் தோற்றதேயில்லை என்று விளம்பரம் கூறியது. அது உண்மையன்று. 1984 இல் மெக்சிக்கோவில் கானெக்கிடமும், 1986 இல் சப்பானில் இனோக்கியிடமும் அவர் தோற்றிருந்தார். அவரை ஹோகனே 1980 இல் நியூயார்க்கின் ஷே அரங்கில் ஒருமுறை தூக்கியிருந்தார். தொலைக்காட்சி வைத்திருந்தவரின் கூற்றே வரலாறாயிற்று.

பன்னிரண்டு நிமிடப் போட்டி மிக மெதுவானது. தொடக்கத்திலேயே ஹோகன் ஆந்த்ரேயைத் தூக்க முயன்று, எடை தாங்காமல் அவருக்கு அடியில் விழுகிறார். நடுவர் எண்ணத் தொடங்குகிறார். மூன்றாவது எண் சற்றே தவறுகிறது. பின்னர் ஆந்த்ரே நெடுநேரம் இறுக்கிப் பிடித்திருப்பதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை. 1986 இல் முதுகில் அறுவை மருத்துவம் செய்துகொண்ட ஆந்த்ரே உடைக்குள் இடுப்புப் பட்டை அணிந்திருந்தார். நிற்பதே அவருக்கு வலி. இதை அறிந்த பின் அப்போட்டியைப் பார்ப்பவருக்கு, தூக்கியவரை விடத் தூக்க இடம் கொடுத்தவரே பெரிதாகத் தெரிவார். ஆந்த்ரே 1993 சனவரியில் காலமானார்.

அதே நாளில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் பொருத போட்டி இதற்கு நேர் எதிரானது. சாவேஜ் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே எழுதி, எதிரியோடு சேர்ந்து மனப்பாடம் செய்து கொண்டவர். பதினைந்து நிமிடத்திற்குள் அடுத்தடுத்து வீழ்த்த முயன்று தவறும் எண்ணிக்கைகளே பரபரப்பை உண்டாக்குகின்றன. கலை நோக்கில் 1980களின் சிறந்த போட்டிகளுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது. அன்று தோற்ற ஸ்டீம்போட் அல்லர், வென்ற ஸ்டீம்போட்டே 1989 ஏப்ரல் 2 அன்று நியூ ஓர்லியன்சில் ரிக் பிளேருடன் ஏறக்குறைய 55 நிமிடம் பொருது வென்றார். அதில் மூன்றில் இரண்டு வீழ்த்தல்கள் பெற வேண்டும் என்பது விதி. தெசின் காலத்து நீண்ட மற்போரின் சாயலைக் காண விரும்புவோர் தேட வேண்டிய போட்டி அதுவே.

1989 பிப்ரவரியில் கேஃபேப் வழக்கம் அரசு ஆவணத்திலேயே முடிவுக்கு வந்தது. நியூ செர்சி மாநிலத்தில் விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெறுவதற்காக, தாங்கள் நடத்துவது உண்மையான போட்டியன்று, பொழுதுபோக்கே என்று உலக மற்போர் கூட்டமைப்பு ஒப்புக்கொண்டது. பல தலைமுறையினர் காத்த இரகசியம் வரிச் சலுகைக்காகக் கைவிடப்பட்டது.

தமிழ்நாட்டில்

1990களில் வடத் தொலைக்காட்சி சென்னையிலிருந்து திருவண்ணாமலை போன்ற நகரங்களுக்கும் அவற்றை ஒட்டிய வேங்கிக்கால் முதலிய ஊர்களுக்கும் பரவியது. ஸ்டார் நிறுவனத்தின் பிரைம் ஸ்போர்ட்ஸ் அலைவரிசையில் அமெரிக்க மற்போர் நாள்தோறும் வீட்டுக்குள் வந்தது. அமெரிக்காவில் இரகசியம் உடைந்த பின்னரே அது தமிழ்ச் சிறுவர்களை அடைந்தது என்பது இதில் உள்ள வேடிக்கை. அந்த ஒப்புதல் செய்தி இங்கு எவரையும் எட்டவில்லை. ஆகவே மெய்யா பொய்யா என்ற வழக்கு பள்ளிக்கூட இடைவேளைகளில் புதிதாகத் தொடங்கியது.

அவ்வழக்குக்குத் துணை நின்றவை டிரம்ப் கார்டு என்று வழங்கிய சீட்டுகள். தர வரிசை, உயரம், எடை, மார்பளவு, புயத்தின் சுற்றளவு, பொருத போட்டிகள், வென்ற போட்டிகள் என எண்கள் அச்சிடப்பட்டிருந்த இச்சீட்டுகளை ஒப்பிட்டு, கூடுதல் எண் வைத்திருப்பவர் எதிராளியின் சீட்டைக் கைப்பற்றுவார். ஆங்கில வருணனை புரியாதவர்களுக்கும் வீரர்களின் பெயர்கள் மனப்பாடமாக இவையே காரணம். 1980களின் நாயகர்களான ஹோகனும் ஆந்த்ரேயும் தமிழ்நாட்டில் இவ்வாறு பத்தாண்டு தாமதமாகப் புகழடைந்தனர். 2002 இல் உலக இயற்கை நிதியத்துடன் ஏற்பட்ட பெயர் வழக்கின் விளைவாக நிறுவனத்தின் பெயர் உலக மற்போர்ப் பொழுதுபோக்கு என்று மாறியது. பெயரிலேயே பொழுதுபோக்கு என்று எழுதப்பட்டிருந்தும் இடைவேளை வழக்கு ஓயவில்லை.

பிற்கால இந்திய வீரர்களுள் தி கிரேட் காலி எனப்படும் தலிப் சிங் ராணா 2007 சூலையிலும், காமா சிங்கின் மருமகனான ஜிந்தர் மகால் 2017 மே மாதத்திலும் அந்நிறுவனத்தின் உயர் பட்டங்களை வென்றனர். காலி 2015 இல் ஜலந்தரில் பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கினார்.

ஒளிப்பதிவுகள்

அமெரிக்க நிறுவனம் தன் 1980களின் போட்டிகளைப் பாதுகாத்து, முதலில் ஒளிநாடாவாகவும் பின்னர் குறுந்தட்டாகவும் இணையம் வழியாகவும் விற்று வந்துள்ளது. 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் இந்நிறுவனத்தின் நிகழ்ச்சிகள் நெட்ஃபிளிக்சில் வெளியாகின்றன. ஹோகன் அதே ஆண்டு சூலை 24 அன்று காலமானபோது பொன்டியாக் காட்சிகள் மீண்டும் உலகெங்கும் ஒளிபரப்பாயின.

தாரா சிங்கின் போட்டிகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. பொதுவாகக் காணக் கிடைப்பவை சில நிமிடத் துண்டுகளும் ஒளிப்படங்களுமே. அவற்றோடு திரைப்படச் சண்டைக் காட்சிகளும் கலந்து, உண்மைப் போட்டிகளின் பதிவுகள் என்ற பெயரில் உலவுகின்றன. பார்ப்பவர் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒளிப்படக் கருவி ஒரே இடத்தில் நின்று மேடையைத் தொலைவிலிருந்து காட்டினால் அது அரங்கில் எடுக்கப்பட்டதாக இருக்கலாம். வீசப்படுபவரின் முகத்தை அண்மையில் காட்டி, அடுத்த நொடியில் வேறு கோணத்திற்குத் தாவினால் அது திரைப்படம்.